ஏற்றத்தில் நிற்கும் வண்டி

டீசல் வண்டி என்றால் கையெழுத்துப் போட மாட்டேன் என்று லிசி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். கேஸ் வண்டி என்றால் நாளைக்கே வாங்கிக்கொள்ளுங்கள், எங்கே கூப்பிட்டாலும் வந்து போடுகிறேன் என்றாள். சொல்லிவிட்டு, செத்துப்போன புருஷன் ஆசீர் படத்துக்கு முன்னால் கரைந்துபோயிருந்த மெழுகுவத்தியை மாற்ற எழுந்து போனாள். அவளுடைய அண்ணன் சகாயநாதன் சாப்பிட்ட தட்டில் கை காய உட்கார்ந்திருந்தான்.

அவனால் மறுத்துப் பேச முடியவில்லை. மறுக்க வேண்டுமென்றால் ஒரு காரணம் சொல்ல வேண்டும். அந்தக் காரணத்தை எட்டு மாசமாக அவன் தொண்டைக்குக் கீழேயே வைத்திருந்தான்.

சகாயத்தின் தொழிலைச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் இவன் மாட்டிக்கொண்டது எப்படிப்பட்ட மாட்டல் என்று புரியும். நடுரோட்டில் பழுதாகி நிற்கும் வண்டியைத் தன் பிக்கப்பில் கட்டி இழுத்துக்கொண்டு போய்ப் பட்டறையில் விடுவான். வண்டியையே தூக்கி முதுகில் வைத்துக்கொண்டு போகும் பெரிய லாரியெல்லாம் அவனிடம் கிடையாது. ஒரு டீசல் பிக்கப், ஒரு இரும்புச் சங்கிலி, சக்கரத்துக்கு அண்டை கொடுக்க நாலு கட்டை, அவ்வளவுதான். பதினாலு வருஷமாகத் திருச்சி பாலக்கரையில் இதை வைத்துத்தான் பிழைப்பு. கல்யாணம் என்று ஒன்று அவனுக்கு அமையவில்லை. தங்கச்சி லிசி வீட்டில்தான் மூன்று வேளைச் சோறு, தங்கச்சி புருஷன் ஆசீர்தான் தொழிலில் கூட்டாளி.

முன்னால் பிக்கப்பை சகாயம் ஓட்டுவான். பின்னால் செத்த வண்டியின் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ஆசீர் வருவான். பார்க்கிறவர்களுக்கு முன்னால் இருப்பவன்தான் வேலை செய்கிறான் என்று தோன்றும். உண்மையில் பாடு பின்னால் இருப்பவனுக்குத்தான். இன்ஜின் ஓடாத வண்டியில் பிரேக் கல்லாக இருக்கும், ஏறி மிதித்தாலும் பாதிதான் பிடிக்கும். ஸ்டியரிங் திரும்ப மாட்டேன் என்று அடம் பிடிக்கும். முன்னால் போகிறவன் எப்போது நிறுத்துவான், எப்போது இழுப்பான் என்று சங்கிலியையே பார்த்துக்கொண்டு வர வேண்டும்.

பேட்டரி செத்த வண்டியில் ஹாரன் ஏது? ரெண்டு கையாலும் ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டுகிறவன் போன் பேசவும் முடியாது. அதனால் பின்னால் இருப்பவன் கையை வெளியே விட்டுக் கதவுத் தகரத்தில் தட்டுவான். ரெண்டு தட்டு என்றால் போ. விடாமல் தட்டினால் நிறுத்து. ஆசீர் விரலில் வேளாங்கண்ணியில் வாங்கிய வெள்ளி மோதிரம் ஒன்று உண்டு. அதனால் அவன் தட்டு மட்டும் டங் டங் என்று எந்தச் சத்தத்திலும் தனியாகக் கேட்கும்.

போன மார்ச் மாசம், மத்தியானம் மூணு மணி. ஸ்ரீரங்கத்துப் பக்கத்து மேலூரிலிருந்து வாழைத்தார் ஏற்றிக்கொண்டு காந்தி மார்க்கெட்டுக்குப் போன வேன் ஒன்று திருவானைக்காவல் தாண்டி நின்றுபோனது. கட்டி இழுத்துக்கொண்டு சர்வீஸ் ரோட்டிலிருந்து பைபாஸுக்கு ஏறும் சரிவில் போய்க்கொண்டிருந்தார்கள். பாதி ஏற்றத்தில் வேனின் முன்பக்கக் கொக்கி வாயைப் பிளந்துகொண்டு வந்தது. அது ஆசீர் கண்ணுக்குத்தான் தெரியும். அவன் தட்டினான். சங்கிலி கழன்றது. வாழைத்தார்ப் பாரத்தோடு வேன் பின்னாலேயே ஓடிச் சரிவின் ஓரத்தில் கவிழ்ந்தது. தார்களை எடுத்துப் போட்டுவிட்டு ஆசீரை வெளியே எடுக்க இருபது நிமிஷம் ஆனது. உயிர் அதற்கு முன்பே போயிருந்தது.

போலீஸ் கேட்டபோது சகாயம், “டீசல் சத்தத்துல ஒண்ணும் கேக்கல சார்” என்றான். ஆஸ்பத்திரி வாசலில் லிசி அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு கேட்டபோதும் அதையேதான் சொன்னான்.

அவனுக்குக் கேட்டது. நன்றாகவே கேட்டது. ஆறு தட்டு. பின்னால் ஒரு பஸ்காரன் ஹாரனில் கையை வைத்து எடுக்காமல் அடித்துக்கொண்டு வந்தான். ஏற்றம் முடிய இன்னும் முப்பது அடிதான் இருந்தது. “இருடா மாப்ள, மேல போயி நிறுத்திக்கலாம்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மிதித்தான். நிறுத்தியிருக்கலாம். அந்த டீசல் வண்டி எந்த ஏற்றத்திலும் நிற்கும். நின்ற இடத்திலிருந்து ஆக்சிலேட்டரைக்கூடத் தொடாமல் கிளட்சை மெதுவாக விட்டால் யானை மாதிரி இழுத்துக்கொண்டு கிளம்பும். இது அவனுக்குத் தெரியாததில்லை. தெரிந்தும்தான் மிதித்தான், படுபாவி.

அன்றிலிருந்து அவனுக்குத் தட்டுச் சத்தம் கேட்கிறது. குழாயில் தண்ணீர் சொட்டினால் அது. பக்கத்துக் கடைக்காரன் ஷட்டரை இறக்கினால் அது. கல்லறைத் திருநாளுக்கு லிசியோடு போய் ஆசீர் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்தபோது, யாரோ நாலு வரிசை தள்ளிச் சிலுவைக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள். சகாயம் பிரஷ்ஷைப் போட்டுவிட்டு கேட்டுக்கு வெளியே போய் நின்றுகொண்டான். அண்ணனுக்குத் துக்கம் தாங்கவில்லை என்று லிசி நினைத்தாள், பாவம்.

லிசிக்கு எதிரி டீசல் சத்தம். ஒரு ஸ்கூல் ஆபீசில் கிளார்க்காக இருக்கிறாள், விவரமானவள்தான், ஆனால் அந்தச் சத்தம்தான் தன் புருஷனைக் கொன்றது என்று முழுசாக நம்பினாள். ஆசீர் பெயரில் இருந்த பழைய பிக்கப்பை அவள் விற்றுவிட்டாள். அந்தப் பணமும் ஆசீரின் இன்சூரன்ஸ் பணமும் அவள் பெயரில் இருந்தன. புது வண்டி அதில்தான் வாங்க வேண்டும். சத்தமில்லாத கேஸ் வண்டியாக இருந்தால் பின்னால் இருப்பவன் கூப்பிட்டால் கேட்கும் என்பது அவள் கணக்கு. சகாயம் சொன்ன பொய்யை நம்பியவளுக்கு வேறு எந்தக் கணக்கு வரும்?

புதுசாகப் பின்னால் உட்கார ஒத்துக்கொண்டவன் கலையரசன். மண்ணச்சநல்லூர்க்காரன், நாற்பது வயசு, பழைய லாரி டிரைவர். முதலாளி லாரியை விற்றுவிட்டதால் வேலை போய், ரெண்டு பெண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அல்லாடிக்கொண்டிருந்தான்.

பால்பண்ணை பக்கம் பழைய வண்டி வாங்கி விற்கும் சேக் மைதீனிடம் சகாயம் போனான். சேக் மைதீன் இருபது வருஷப் பழக்கம். கேஸ் பிக்கப் வேண்டும் என்றதும் அவர் கண்ணாடியைக் கழற்றி அவனை மேலும் கீழும் பார்த்தார்.

“காய்கறி ஏத்தப் போறியா, சகாயம்?”

“இல்ல பாய். நம்ம தொழிலுக்குத்தான்.”

“கட்டி இழுக்கறதுக்குக் கேஸா? யாரு ஒனக்குச் சொன்னது? கேஸ் வண்டிக்கு இன்ஜின வேகமாச் சுத்த விட்டாத்தான் பலம் வரும். மெதுவாப் போறப்போ அதுல இழுவை கெடையாது. நீ என்ன ரேஸா ஓட்டப் போற? ஒன் தொழிலே ஊர்ந்து போறதுதானே. டீசல்னா ஊர்ந்துக்கிட்டே மலையையும் இழுத்துட்டு வரும்.”

“சத்தம் கம்மியா இருக்கணும் பாய்.”

“சத்தமா? பதினாலு வருஷமா இல்லாத காது இப்ப எங்கேருந்து வந்துச்சு ஒனக்கு?” என்றார். பிறகு ஆசீர் ஞாபகம் வந்து அவர் முகம் மாறியது. “சரி, விடு” என்று எழுந்தார்.

ஆனாலும் அவர் ஒரு டீசல் பிக்கப்பைக் காட்டாமல் விடவில்லை. சாவியைத் திருப்பி ஸ்டார்ட் பண்ணினார். அது கடகடவென்று ஆடிக்கொண்டு நின்றது. சகாயம் பக்கத்தில் போய் பானெட்டில் கை வைத்தான். அந்தக் கடகடப்புக்கு நடுவில், அதோடு சேராமல், டங் என்று ஒன்று தனியாகக் கேட்டது. இன்னொன்று. அவன் கையை எடுத்தான். “அணைச்சிடுங்க பாய்” என்றான்.

ஒரு வகையில் லிசி சொன்னது அவனுக்கும் வசதியாகத்தான் இருந்தது என்பதை மறைக்க வேண்டாம். டீசல் வண்டியில் ஏறி உட்கார அவனுக்கே பயம். கேஸ் வண்டி வாங்கிவிட்டால் பொய்யும் பத்திரமாக இருக்கும், அந்தச் சத்தமும் ஓயும் என்று நினைத்தான். கலையரசன் நினைப்பு வந்தபோதெல்லாம், மெதுவாக ஓட்டினால் ஒன்றும் ஆகாது என்று சமாதானம் சொல்லிக்கொண்டான்.

“ஒரு நா வச்சு ஓட்டிப் பாத்துட்டுச் சொல்லு” என்று சேக் மைதீன் கேஸ் பிக்கப்பைக் கொடுத்தார்.

மறுநாள் காலை பத்து மணிக்கே வேலை வந்தது. ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டில் சேலத்துக்காரர்களின் யாத்திரை வேன் ஒன்று இன்ஜின் சீஸ் ஆகி, உள்ளுக்குள் இறுகிப்போய் நின்றது. ஆட்கள் இறங்கிப் பெருமாளைச் சேவிக்கப் போய்விட்டார்கள். சகாயம் சங்கிலியை மாட்டினான். கொக்கியை மூன்று தடவை இழுத்துப் பார்த்தான். கலையரசன் வேனில் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ரெண்டு தட்டு தட்டினான். உள்ளங்கையால் தட்டியதால் சொத் சொத் என்று கேட்டது.

சமதளத்தில் கேஸ் வண்டி நன்றாகத்தான் போனது. சத்தமே இல்லை. திருவானைக்காவல் கடைத்தெருவில் பூ விற்கிறவள் பேரம் பேசுவதுகூடக் காதில் விழுந்தது. சகாயத்துக்கு நெஞ்சு லேசானது. இதுதான் சரி, லிசி சொன்னதுதான் சரி என்று நினைத்துக்கொண்டே சர்வீஸ் ரோட்டில் திரும்பினான்.

அந்தச் சரிவு வந்தது. எட்டு மாசமாக அவன் அந்தப் பக்கம் போகவில்லை. வேறு வழியில் போயிருக்கலாம்தான், ஆனால் டவுன் பாலத்தில் இவ்வளவு பெரிய வேனைக் கட்டி இழுத்தால் டிராபிக் போலீஸ்காரர்கள் விட மாட்டார்கள். இரண்டாவது கியரில் ஏறினான். வண்டி முனகியது. முதல் கியருக்கு வந்தான். பாதி ஏற்றத்துக்கு வந்தபோது, அந்த அமைதியில், பின்னாலிருந்து கேட்டது.

டங். டங். டங்.

டங். டங். டங். அதே ஆறு. இந்தத் தடவை அவன் யோசிக்கவே இல்லை. பிரேக்கில் ஏறி நின்றான். வண்டி நட்டநடு ஏற்றத்தில் நின்றது.

பின்னால் கலையரசன் தலையை வெளியே நீட்டினான். “என்னண்ணே, ஏன் நிறுத்துனீங்க?”

“நீதானப்பா தட்டுன?”

“நான் எங்கண்ணே தட்டுனேன்? ரெண்டு கையும் ஸ்டியரிங்ல இருக்கு. நல்லாத்தானே ஏறிட்டிருந்துச்சு, எடுங்க.”

சகாயம் திரும்பி அவன் விரல்களைப் பார்த்தான். மோதிரம் கிடையாது. கொக்கியைப் பார்த்தான். அது சரியாகத்தான் இருந்தது.

கிளட்சை விட்டு எடுத்தான். இன்ஜின் அணைந்தது. வண்டி ஒரு அடி பின்னால் வந்தது. திரும்ப ஸ்டார்ட் பண்ணி, கேஸிலிருந்து பெட்ரோலுக்கு மாற்றும் பொத்தானை அமுக்கி, ஆக்சிலேட்டரை முழுசாக மிதித்துப் பார்த்தான். இன்ஜின் அலறியதே தவிர சக்கரம் நகரவில்லை. கிளட்ச் கருகி நாற்றம் வந்தது. வேன் தன் பாரத்தால் பிக்கப்பைப் பின்னால் இழுக்க ஆரம்பித்தது. ஹேண்ட் பிரேக்கை இரண்டு கையால் பிடித்தும் நிற்கவில்லை. இன்னொரு அடி. இன்னும் ஒன்று. கண்ணாடியில் கலையரசன் தெரிந்தான். சீட்டைவிட்டு எழுந்து இரண்டு காலாலும் பிரேக்கில் நின்றுகொண்டிருந்தான். அவன் வாய் எதையோ சொல்லிக்கொண்டிருந்தது. சகாயம் கத்தினான், கட்டை போடுங்க, யாராவது கட்டை போடுங்க என்று.

நல்லவேளை, பின்னால் வந்த ஆட்டோக்காரர் ஒருவர் விவரமானவர். ஆட்டோவை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்து, ரோட்டோரம் கிடந்த பெரிய கல் ஒன்றை உருட்டி வேனின் பின்சக்கரத்துக்கு அடியில் தள்ளினார். வேன் கல்லில் ஏறப் பார்த்து, நின்றது. வந்த தூரம் மொத்தம் பத்தடி இருக்கும். ஆசீரின் வேன் கவிழ்ந்த இடம் அங்கிருந்து இன்னொரு பத்தடி.

சேக் மைதீனுக்குப் போன் போட்டான். அவர் நேற்றுக் காட்டிய அதே டீசல் பிக்கப்பை ஆள் கொடுத்து அனுப்பினார். அது முன்னால் வந்து மாட்டிக்கொண்டு, ஏற்றத்தில் நின்ற இடத்திலிருந்தே, அலட்டிக்கொள்ளாமல் இரண்டு வண்டியையும் சேர்த்து மேலே இழுத்துக்கொண்டு போனது.

மேலே ஓரங்கட்டிய பிறகு கலையரசன் இறங்கினான். சட்டை நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது. வேன் படியிலேயே உட்கார்ந்துகொண்டான். இனி வரமாட்டேன் என்று சொல்வான் என்று சகாயம் எதிர்பார்த்தான். அப்படிச் சொல்லியிருந்தால் லிசியிடம் உண்மையைச் சொல்லாமல் சகாயம் தப்பித்திருப்பான்.

“பரவால்லண்ணே,” என்றான் கலையரசன். “புது வண்டிதானே. போகப் போகப் பழகிடும். நாளைக்கு எத்தன மணிக்கு வரணும்?”

சகாயத்துக்கு அழுகை வந்துவிட்டது. ரோட்டைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான்.

சாயங்காலம் ஆறு மணிக்கு லிசி வீட்டுக்குப் போனான். அவள் அப்போதுதான் ஆபீஸ் விட்டு வந்து டீ போட்டுக்கொண்டிருந்தாள். தெருவில் நாலைந்து வீட்டில் இப்போதே கிறிஸ்துமஸ் ஸ்டார் கட்ட ஆரம்பித்திருந்தார்கள். துக்க வீடு என்பதால் அந்த வாசல் மட்டும் வெறுமையாக இருந்தது.

“வண்டி ஓட்டிப் பாத்தீங்களா அண்ணே? சத்தம் இல்லாம இருக்குதா?”

“லிசி, டீய வச்சுட்டு வந்து உக்காரும்மா.”

அவள் வந்து உட்கார்ந்தாள். சகாயம் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். காலையில் நடந்ததைச் சொன்னான். கேஸ் வண்டி ஏற்றத்தில் நிற்காது, நின்றால் கிளம்பாது, இன்றைக்குக் கலையரசன் போயிருப்பான் என்றான். லிசி உடனே, “நின்னாத்தானே அண்ணே? அவரு தட்டவே இல்லைங்கறீங்க. நீங்க ஏன் நிறுத்துனீங்க?” என்றாள். கிளார்க் புத்தி, ஓட்டை எங்கே என்று உடனே கண்டுபிடித்துவிட்டாள்.

“ஆசீர் தட்டுனது கேட்டுச்சு.”

“என்ன சொல்றீங்க?”

“அன்னிக்குத் தட்டுனது. எனக்கு அது தெனமும் கேக்குது. அன்னிக்கும் கேட்டுச்சு லிசி. டீசல் சத்தத்துல கேக்கலன்னு நான் சொன்னது பொய். மோதிரத்தோட ஆறு தடவ தட்டுனான். பின்னாடி பஸ்காரன் அடிச்சுக்கிட்டே இருந்தான். மேல போயி நிறுத்திக்கலாம்னு மிதிச்சுட்டேன். அந்த வண்டி நின்னிருக்கும். டீசல் மேல ஒரு தப்பும் இல்ல.”

அடுப்பில் டீ பொங்கி வழிந்தது. லிசி எழுந்து போய் அடுப்பை அணைத்தாள். அங்கேயே, அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். திட்டுவாள், அடிப்பாள், வெளியே போ என்பாள் என்று சகாயம் எல்லாவற்றுக்கும் தயாராக இருந்தான்.

“அப்ப அவரு கூப்புட்டிருக்காரு,” என்றாள் லிசி. அவள் குரல் அவனுக்கே பழக்கமில்லாத குரலாக இருந்தது.

“கூப்புட்டான்.”

“உங்களத்தான் கூப்புட்டாரு. உங்களுக்குக் கேட்டுச்சு.”

“ஆமா.”

“எட்டு மாசமா பஸ் போனாக்கூட நான் ஜன்னலச் சாத்திட்டு உக்காந்திருக்கேன் அண்ணே. நீங்க இங்க உக்காந்து சோறு தின்னுக்கிட்டு அதப் பாத்துட்டிருந்தீங்க.”

அவள் முந்தானையால் அடுப்பு மேடையில் வழிந்த டீயைத் துடைத்தாள், திரும்பத் திரும்ப, துடைத்த இடத்தையே துடைத்தாள். பிறகு வந்து எதிரில் நின்றாள். கண்ணில் தண்ணீர் இல்லை.

“டீசலே எடுங்க. பாய்கிட்டச் சொல்லிடுங்க, நாளைக்கு வந்து கையெழுத்துப் போடறேன். கலையரசன் வீட்ல ஒருத்தி இருக்கா. அவளுக்கும் இந்த நெலம வேணாம்.”

“சரிம்மா.”

“ஆனா நீங்க ஓட்டக் கூடாது.”

அவன் நிமிர்ந்தான்.

“கலையரசன் ஓட்டட்டும். நீங்க பின்னாடி உக்காருங்க. எம் புருஷன் உக்காந்திருந்தாருல்ல, அங்க உக்காந்து அந்த ஏத்தத்துல ஏறுங்க. தட்டுனா முன்னாடி இருக்கறவருக்குக் கேக்குமா, கேட்டா நிறுத்துவாரான்னு நெனச்சுக்கிட்டே ஏறுங்க. தெனமும்.”

அந்த சீட், அந்தக் கல்லுப் பிரேக், கண் முன்னால் ஆடும் சங்கிலி, எல்லாம் ஒரு நிமிஷம் சகாயத்தின் கண்ணுக்குள் வந்து போனது. லிசி அதற்குள் மேஜைமேல் இருந்த போனை எடுத்துவிட்டாள்.

“கலையரசண்ணே, நான் லிசி பேசறேன். சாப்டீங்களா? லைசன்ஸ் இன்னும் தேதி முடியாம இருக்குதுல்ல? நல்லது. புது வண்டி டீசல்தான். முன் வண்டிய நீங்கதான் ஓட்டப் போறீங்க. ஆமா, அண்ணன் பின்னாடி உக்காருவாரு. இல்லல்ல, நான் சொல்லல, அவரா ஒத்துக்கிட்டாரு.”

சகாயம் அதற்கு இன்னும் ஒத்துக்கொண்டிருக்கவில்லை. அவள் போனைக் காதில் வைத்தபடி அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் தலையை ஆட்டினான்.